அடுத்த பாகம் உங்களுக்கு ஒத்துவருமா? வியூக விளையாட்டு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணே, புதிய பாகம் நன்றாக இருக்கிறதா?" நெல்லையின் பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும், கணினியில் நகரங்களையும் படைகளையும் திட்டமிட்டு நடத்தும் வியூக விளையாட்டுகளை ஆடத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்கிறேன்: "இது எனக்கு ஒத்துவருமா?" சினிமாவின் இரண்டாம் பாகத்தில் கதை தொடரும். வியூக விளையாட்டின் அடுத்த பாகத்தில் விதிகளே மாறிவிடும். முந்தைய பாகத்தில் எதற்காக இரவு விழித்தீர்களோ, அதுவே புதியதில் இல்லாமல் போகலாம். ஊரே குறை சொல்லும் விளையாட்டு உங்கள் மாலைப்பொழுதுகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யலாம்.

ஆகவே மதிப்பெண்ணைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்காக அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும், ஒரு மக்களினத்தைப் பழங்காலத்திலிருந்து வளர்த்துக் கொண்டுபோகும் சிவிலைசேஷன் வரிசையிலிருந்தே எடுக்கிறேன். 1991-இல் தொடங்கி 2025-இல் ஏழாம் பாகத்துக்கு வந்திருக்கும் அந்த வரிசையைப் பார்த்தால், ஒரு தொடர் எப்படியெல்லாம் உருமாறும் என்பது தெளிவாகப் புரியும்.

முதலில் ஒரு தாள்

எந்த விமர்சனத்தையும் பார்ப்பதற்கு முன், உங்கள் எதிர்பார்ப்பை ஒரு தாளில் எழுதுங்கள். வரிசை முக்கியம். விமர்சனத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால், விமர்சகரின் எதிர்பார்ப்பைத்தான் உங்கள் கையெழுத்தில் எழுதுவீர்கள்.

"நல்ல கிராபிக்ஸ்", "நல்ல போர்" என்று எழுதினால் பயனில்லை. நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். "கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியிருப்பாகத் தொடங்கி, அதே மக்களை, அதே பெயரில், விண்வெளிக் காலம் வரை கொண்டுபோக வேண்டும்." "படைகளை நானே கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும்." "இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆடி, பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டும்." "அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மாமன் மகனோடு சேர்ந்து ஆட வேண்டும்." நான்கு வாக்கியம் போதும். பிறகு அவற்றில் எது இல்லாவிட்டால் விளையாட்டே வேண்டாம் என்று தோன்றுகிறதோ, அதன் கீழே கோடு போடுங்கள். இனி எல்லாவற்றையும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கப் போகிறோம்.

முந்தைய பாகத்தை ஆடியிராதவர்களுக்கும் இந்தத் தாள் வேண்டும். அவர்கள் எழுத வேண்டியது, எது தம்மை இந்தப் பக்கம் இழுத்தது என்பதை. நண்பன் ஆடுவதைப் பார்த்ததா, வரலாற்றுப் பாடம் பிடித்ததா, வெறுமனே ஒரு நகரத்தைக் கட்டிப் பார்க்கும் ஆசையா? மூன்றும் மூன்று வேறு விளையாட்டுகளுக்கு உங்களைக் கொண்டுபோகும்.

எது மாறியது என்று தேடுங்கள்

சிவிலைசேஷன் விளையாட்டுகளை உருவாக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தார், மூன்றில் ஒரு பங்கைப் பழையபடி வைத்துக்கொண்டு, ஒரு பங்கைச் செம்மைப்படுத்தி, ஒரு பங்கைப் புதிதாகச் சேர்ப்பதுதான் அடுத்த பாகத்துக்கான தங்கள் விதி என்று சொல்வார்கள். வாங்குபவருக்கும் இது நல்ல அளவுகோல். நீங்கள் கோடு போட்ட வாக்கியம் அந்த மூன்றில் எந்தப் பங்கில் விழுகிறது? இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் சதுரக் கட்டங்கள் அறுகோணங்களாயின. நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் படைகளை மலைபோலக் குவிக்கலாம். ஐந்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படைதான். ஒரே மாற்றம், போரின் தன்மையே வேறாகிவிட்டது. 2016-இல் வந்த ஆறாம் பாகத்தில் நகரம் ஒரே கட்டத்துக்குள் அடங்கியிருக்காமல், கல்விக்கு ஒரு வட்டாரம், வணிகத்துக்கு ஒரு வட்டாரம் என்று நிலத்தில் பரவியது. மலை எங்கே, ஆறு எங்கே என்று பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. அதை ரசிப்பவர்களுக்கு ஆறாம் பாகம் ஒரு வரம். படை நடத்த மட்டும் வந்தவர்களுக்கு அது கூடுதல் சுமை.

2025 பிப்ரவரி 11 அன்று வெளிவந்த ஏழாம் பாகம் இன்னும் ஆழத்தில் கைவைத்தது. ஆட்டம் பழங்காலம், கடலோடும் காலம், நவீன காலம் என்று மூன்றாகப் பிரிந்தது. ஒரு காலம் முடிந்ததும் உங்கள் நாகரிகத்தை, அதாவது நீங்கள் ஆளும் மக்களை, விட்டுவிட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியோடு அது வெளியானது. தலைவர் மட்டும் கடைசி வரை உங்களோடு வருவார். அவருக்கும் நாகரிகத்துக்கும் உறவு இருக்க வேண்டியதில்லை. மேலே எழுதிய முதல் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள்: "அதே மக்களை, அதே பெயரில்." அந்த வாக்கியத்தின் கீழே கோடு போட்டவருக்கு, வெளிவந்த நாளில் இந்த விளையாட்டு பொருந்தவில்லை. ஆட்டம் பாதியைத் தாண்டியதும் வெற்றி யாருக்கு என்று தெரிந்துவிடுகிறது, அதன் பிறகு ஆடுவது சலிப்பாக இருக்கிறது என்று எழுதியவருக்கோ இந்தக் காலப் பிரிவு நல்ல மருந்து. அந்தச் சலிப்பைப் போக்கத்தான் அதை வைத்தார்கள்.

வேறு தொடர்களிலும் இப்படித்தான். சிறு வீரர் குழுவை நடத்தும் எக்ஸ்காம் 2 வந்தது 2016-இல். நீங்களும் எதிரியும் மாறி மாறி நகர்த்தும் அந்த ஆட்டத்தில், பல பணிகளுக்கு முறைக் கெடு விதித்தார்கள். இத்தனை முறைக்குள் முடிக்க வேண்டும். முந்தைய பாகத்தில் ஒளிந்து ஒளிந்து மெதுவாக முன்னேறிப் பழகியவர்கள் கொதித்தார்கள். 2022-இல் வந்த விக்டோரியா 3-இல் படைகளை நீங்கள் நேரடியாக வரைபடத்தில் நடத்த முடியாது. தளபதியைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, நாட்டின் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். படை நடத்தும் ஆசையோடு அதை வாங்கிவிட்டுக் குறை சொல்வது, கார் பருவத்துக்குரிய நெல்லைப் பிசானப் பருவத்தில் விதைத்துவிட்டு விளைச்சலைப் பழிப்பதற்குச் சமம்.

இந்த விவரங்களை எங்கே தேடுவது? வெளியீட்டுக்கு முன் உருவாக்குநர்களே எழுதும் குறிப்புகளிலும், அவர்கள் காட்டும் நீண்ட ஆட்டப் பதிவுகளிலும் கிடைக்கும். இரண்டு நிமிட முன்னோட்டத்தில் ஒன்றும் தெரியாது. யாராவது பேசாமல், வெட்டாமல், ஒரு மணி நேரம் ஆடும் காணொளியைப் பாருங்கள். ஆடுபவரின் சுட்டி எங்கே அதிகமாகச் சுற்றுகிறது என்று கவனியுங்கள். உங்கள் நேரமும் அங்கேதான் போகும்.

சோழரைத் தேடி வருபவர்களுக்கு

நம் பக்கத்தில் பலர் இந்த விளையாட்டுகளுக்குள் வருவது வரலாற்று ஆசையால்தான். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் விஷயம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சிவிலைசேஷன் 7-இல் சோழர் இருக்கிறார்கள். மௌரியருக்குப் பின்னும் முகலாயருக்கு முன்னுமாக, நடுவிலுள்ள கடலோடும் காலத்துக்குரிய நாகரிகமாக. அவர்களுக்கே உரிய கட்டடங்கள் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் உருவாகும் வட்டாரத்துக்கு ஐந்நூற்றுவர் பெயர். இடைக்காலத் தமிழகத்தின் வணிகக் கணங்களை இவ்வளவு அக்கறையோடு ஒரு பெரிய விளையாட்டில் வைத்திருப்பதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் தாளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியது "சோழராகக் கொஞ்ச நேரம்" என்பதா, "சோழராகவே கடைசி வரை" என்பதா? விளையாட்டு வெளிவந்தபோது முதலாவதற்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. இன்னொன்று: அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து மன்னார்கோவிலில் இராஜேந்திர சோழ விண்ணகரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தாமிரபரணிக் கரை சோழர் ஆண்ட பாண்டிய நாடு. கொற்கையிலிருந்து தொடங்கும் பாண்டியராக ஆட வேண்டும் என்பது உங்கள் ஆசையென்றால், அந்த ஆசையை இந்தப் பாகம் நிறைவேற்றுவதற்காக வரவில்லை.

இங்கே நான் பலருக்குக் காட்டும் வழி, பழைய விளையாட்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதலில் வந்தது 1999-இல். 2019-இல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வந்தது. 2022-இல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பு) வந்தபோது அதில் திராவிடர் என்ற நாகரிகமும், இராஜேந்திரனின் படையெடுப்புகளை வைத்து ஒரு தொடர் ஆட்டமும் சேர்ந்தன. உருமி வீரர்கள் உண்டு, திரிசடை என்ற கப்பல் உண்டு, ஊட்ஸ் எஃகு ஒரு தொழில்நுட்பம். உங்கள் குடிமக்கள் தமிழில் பதில் சொல்வார்கள். அதே தொடரின் நான்காம் பாகம் 2021-இல் வந்தபோது, இந்தியாவிலிருந்து டெல்லி சுல்தானகம் மட்டுமே இருந்தது. நம் வரலாற்றைத் தேடுபவருக்குப் புதிய எண்ணைவிடப் பழைய எண் அதிகம் கொடுக்கிறது. விலையும் கணினித் தேவையும் குறைவு.

முதல் நாளில் என்ன இருக்காது

பல ஆண்டுகள் விரிவாக்கம் பெற்ற பழைய பாகத்தையும், நேற்று வந்த புதிய பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதியது மெலிந்துதான் தெரியும். நான்காம் சிவிலைசேஷனில் இருந்த மதமும் உளவும் ஐந்தாம் பாகத்தின் முதல் வெளியீட்டில் இல்லை. அவை 2012-இல் விரிவாக்கத்தோடு திரும்பி வந்தன. வணிகப் பாதைகள் வர 2013 ஆயிற்று. ஆறாம் பாகத்துக்கும் 2018-இலும் 2019-இலும் இரண்டு பெரிய விரிவாக்கங்கள்.

ஆகவே உங்களுக்கு முக்கியமான வாக்கியம் மதம், வணிகம், உளவு, உலக மாநாடு போன்ற ஒன்றைப் பற்றியதாக இருந்தால், அது முதல் வெளியீட்டிலேயே இருக்கிறதா என்று பெயர் சொல்லித் தேடுங்கள். "பிறகு வரும்" என்றால் பெரும்பாலும் பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டி வரும்.

இந்த வகை விளையாட்டுக்கே புதியவர், கையில் பணமும் அளவாக இருக்கிறது என்றால், விரிவாக்கங்களோடு நிறைவடைந்த முந்தைய பாகத்தைத் தள்ளுபடியில் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. நண்பர் கூட்டம் முழுவதும் புதியதற்கு மாறிவிட்டது என்றால் மட்டும் கணக்கு வேறு.

விமர்சனங்களைப் பிரித்துப் படியுங்கள்

இப்போது விமர்சனங்களுக்குப் போகலாம். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தளத்தில், ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதியவர் ஆடிய நேரம் இருக்கும். மொத்த மதிப்பீடும் அண்மைக்கால மதிப்பீடும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால், விளையாட்டு திருந்திவருகிறது அல்லது சரிந்துவருகிறது என்று பொருள்.

எதிர்மறை விமர்சனங்களையே முதலில் படியுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு குறையைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது உடைசலா, குணமா? ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, பட்டியலில் தேவையான தகவல் இல்லை என்பவை உடைசல்கள், திருத்தங்களில் சரியாகக்கூடியவை. 2013-இல் வந்த டோட்டல் வார்: ரோம் 2 கோளாறுகளோடு வெளியாகிக் கடும் கண்டனம் வாங்கியது, ஓராண்டு கழித்து, அதுவரை வந்த திருத்தங்களையெல்லாம் சேர்த்துப் புதிய பதிப்பாக வந்தது. சிவிலைசேஷன் 7 வெளிவந்தபோது, வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்து ஆடும் வசதி அதில் இல்லை. சில வாரங்களில் இலவசத் திருத்தமாக வந்துவிட்டது.

குணம் வேறு. "காலம் மாறும்போது என் நாகரிகத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்" என்பது குணத்தைப் பற்றிய புகார். அது மாற வேண்டுமானால் விளையாட்டையே திரும்ப வடிவமைக்க வேண்டும்; வருமென்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், வந்த பிறகு கொடுக்கலாம். விமர்சனத்தின் தேதியையும் பாருங்கள். வெளியான வாரத்தில் எழுதியதை ஓராண்டு கழித்துப் படித்து முடிவெடுப்பது நியாயமில்லை. திருத்தக் குறிப்புகளை ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

உங்கள் கணினி, உங்கள் மின்சாரம், உங்கள் இணையம்

பெருநகரத்து விமர்சகர் எவரும் இதைச் சொல்லமாட்டார். ஆனால் நெல்லையில் ஆடுபவருக்கு இது மிக முக்கியம்.

குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பது ஆட்டத்தைத் தொடங்கத்தான். வியூக விளையாட்டில் ஆட்டம் நீளநீள நகரங்களும் படைகளும் பெருகி, கணினி தன் முறையை யோசிக்க எடுக்கும் நேரம் ஏறிக்கொண்டே போகும். சிவிலைசேஷன் 7-க்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம். வசதியாக ஆட 16 வேண்டும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் புதிய பாகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1999-இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவை ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்பது தெரியாவிட்டால், ஜங்ஷன் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் அண்ணாச்சி யாரிடமாவது காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். சித்திரை, வைகாசி வெயிலில் மடிக்கணினி சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இருக்கிறது. காற்று மழையில் திடீர்த் தடையும் இருக்கிறது. முறைவைத்து ஆடும் விளையாட்டில் தானியங்கிச் சேமிப்பை ஒவ்வொரு முறைக்கும் வரும்படி வைத்துவிட்டால் இழப்பு ஒரு முறைதான். நிகழ்நேரத்தில் பிறரோடு ஆடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்றவற்றில் மின்சாரம் போனால் ஆட்டமே போயிற்று. யுபிஎஸ் இல்லாத வீட்டில் மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இதைத் தாளில் எழுதியே ஆக வேண்டும்.

இணையம். சிவிலைசேஷன் 7 கேட்கும் இடம் 20 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தை நம்பி இறக்கினால் 10 நாள் ஆகும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்கும்போது கேட்க வேண்டும். இறக்குவதிலேயே 10 நாள் போனால் சோதித்துப் பார்க்க 4 நாள்தான் மிச்சம். ஆகவே பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் இறக்கிக்கொள்ள முடியும் என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். உங்கள் ஸ்டீம் நண்பர் ஏற்கெனவே அதை நிறுவியிருந்தால், இருவரின் கணினிகளும் ஒரே வைஃபையில் இருக்கும்போது அவருடைய கணினியிலிருந்தே கோப்புகளைப் பெற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. உங்களுக்கென்று தனியாக வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

இந்த 2 மணி நேரத்தைப் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள். ஏழாம் பாகத்தின் புதுமை முழுவதும் ஒரு காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வழக்கமான வேகத்தில் புதியவர் ஒருவர் ஆடினால், 2 மணி நேரத்தில் பழங்காலத்தின் நடுவில் நின்றுகொண்டிருப்பார். எது தமக்குப் பிடிக்காமல் போகக்கூடுமோ, அதைப் பார்ப்பதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிடும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். அறிமுகப் பாடங்களைக் காணொளியில் முன்பே பார்த்துவிடுங்கள். விளையாட்டைத் திறந்தபின் முகப்புத் திரையில் காத்திருக்கும் நேரமும் கணக்கில் ஏறும் என்பதால், வேறு வேலைக்கு எழுந்தால் மூடிவிட்டு எழுந்திருங்கள். முதல் ஆட்டத்தை மிகச் சிறிய வரைபடத்திலும், அதிவேக ஆட்டத்திலும், காலத்தின் நீளத்தைக் குறைத்தும் தொடங்குங்கள். வெற்றி தோல்வி பொருட்டல்ல. நீங்கள் கோடு போட்ட வாக்கியம் எந்த இடத்தில் சோதனைக்கு வருமோ, அங்கே ஓடிப்போய்ச் சேருங்கள். சோழரைப் பார்க்கத்தான் வாங்கினீர்கள் என்றால், மேம்பட்ட அமைப்பில் கடலோடும் காலத்திலிருந்தே தொடங்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தித் தாளைப் பாருங்கள். கோடு போட்ட வாக்கியத்துக்கு "இல்லை" என்று பதில் வந்தால், உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். காரணம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஸ்டீமுக்கு வெளியே உள்ள கடையில், ஸ்டீமில் பதிவிடும் குறியீடாக வாங்கியவற்றுக்கு ஸ்டீம் பணம் தராது என்பதால், சந்தேகம் இருக்கும் விளையாட்டை அங்கே வாங்காதீர்கள்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக

முன்பதிவு செய்யாதீர்கள். உயர்ந்த பதிப்புக்குச் சில நாள் முன்னதாக ஆடும் சலுகை தருவார்கள். சிவிலைசேஷன் 7-க்கும் பிப்ரவரி 6-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து நாளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் புதியவருக்கு எந்தப் பயனும் இல்லை. வீட்டில் அண்ணன், தம்பி, அக்கா ஆடுபவர்களாக இருந்தால் ஸ்டீமில் 6 பேர் வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து, ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம். ஒரே விளையாட்டை ஒரே நேரத்தில் இருவர் ஆட வேண்டுமானால்தான் இரண்டாவது பிரதி தேவை.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானால், விருப்பப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். தள்ளுபடி வரும்போது மின்னஞ்சல் வரும். தாளைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். முதல் பெரிய விரிவாக்கம் அறிவிக்கப்படும் நாளில், அதன் பட்டியலையும் அதுவரை வந்த திருத்தக் குறிப்புகளையும் அந்தத் தாளோடு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் உங்கள் வாக்கியங்களில் சில மாறியிருக்கும். அவற்றையும் திருத்தி எழுதிவிட்டு முடிவெடுங்கள்.